கடல் பக்கத்துச் சுவர்

காலில் ஒட்டியிருந்த சேறு லேசில் போவதாக இல்லை. அவள் பஞ்சை நனைத்து விரல் இடுக்குகளில் அழுத்தித் துடைத்தாள். சாம்பல் நிறச் சேறு, காய்ந்து சிமெண்டுப் பூச்சு மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தது. பேசின் தண்ணீர் கலங்கிப்போக, நர்ஸ் அதை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்துவந்து வைத்தாள்.

“நகத்துக்குள்ள இருக்கிறத விட்டுடுங்கக்கா. பெட்டிய மூடினப்பறம் யாரு பாக்கப் போறாங்க?”

“நான் பாத்துட்டேனே.”

நர்ஸ் இன்னொரு பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். மேசையின் இந்தக் கோடியில் தம்பியின் கால்கள். முழங்காலிலிருந்து மேலே தலைவரைக்கும் வெள்ளைத் துணி, அதன் மேல் இன்னொரு துணி. “மேல தொறக்க வேண்டாம்க்கா.” காலையில் மருந்தகத்தின் கதவைத் திறந்ததும் நர்ஸ் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவள் திறக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே அவன் நேற்று எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். இடது கணுக்காலில் சைக்கிள் சக்கரக் கம்பி கடித்த தழும்பு. அன்றைக்கு சைக்கிளை மிதித்தவள் அவள். பின்னால் உட்கார்ந்து காலை உள்ளே விட்டவன் அவன். அழாமல் வீடு வந்து சேர்ந்தவனும் அவன்தான்.

“சேறு காப்பாத்தியிருக்கு,” என்றாள் நர்ஸ். சொன்னது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, “இவ்வளவையாவது” என்று சேர்த்துக்கொண்டாள்.

மூலையில் இருந்த நாற்காலி மேல் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவனுடைய ரப்பர் செருப்பு. நேற்று சேற்றில் இறங்குமுன் தீயணைப்புப் பம்பு பக்கத்தில் கழற்றி வைத்தது. அக்கரைக்குப் படகு விடும் லாஞ்சி டிரைவர் கொண்டுவந்து கொடுத்தபோது, “ஜோடியா வெச்சிருந்தாம்மா, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா. அவ்வளவு கலவரத்துலயும்” என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் போய்விட்டார். அவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்தே அவன் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்ததில்லை.

“லாஞ்சி எப்பக்கா?”

“மதியத்துக்கு முன்னாடியே ஏத்தம் வந்துரும். அப்பதான் ஜெட்டிப் பாலத்துல லாஞ்சி ஒட்டும்.”

அதற்கு அவள் எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. லாஞ்சி டிக்கெட் ஜன்னலில் உட்காருகிறவள் அவள். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தினமும் காலையில் கரும்பலகையில் எழுதிப் போடுவதும் அவள் வேலை. அந்தத் தீவில் அரை ஆள் ஆழம் தோண்டினால் பாறை. செத்தவர்களை லாஞ்சியில் ஏற்றி அக்கரைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடல் வற்றிவிட்டால் ஜெட்டியின் கால்களெல்லாம் வெளியே தெரியும். தண்ணீர் தூரத்தில், லாஞ்சி போகிற ஆழக் கால்வாயோடு நின்றுவிடும். நடுவில் முழுக்கச் சேறு. ஆகவே அங்கே சாவுக்கும் ஏற்றம் பார்த்தாக வேண்டும். தீக்கு மட்டும் அந்த ஒழுங்கு தெரியவில்லை. நேற்று எரிபொருள் கிடங்கில் தீப்பிடித்தது கடல் முழுக்க வற்றியிருந்த நேரம்.

அந்த நேரத்தையும் அவள்தான் பலகையில் எழுதியிருந்தாள்.

கடைசி நகத்தையும் சுத்தம் செய்துவிட்டு அவள் எழுந்தாள். நர்ஸ் துணியைக் கீழே இழுத்துக் கால்களையும் மூடினாள்.

* * *

பெட்டியைத் தீவுச் சங்கக் கூடத்தில் வைத்தார்கள். ஜெட்டிக்குப் பக்கம், எல்லோரும் வந்து நிற்க இடமும் உண்டு. கூடம் கான்கிரீட் தூண்களின் மேல் கரையோரத்தில் நின்றது. ஏற்றத்தின்போது பலகைத் தரைக்குக் கீழே தண்ணீர் வந்து தளும்பும்.

வாசலில் அவள் கணவர் நின்று வந்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடைக்காரர். விடிந்தால் தீவில் பாதிப்பேர் அவர் கடையில்தான் நிற்பார்கள். ரொட்டியோடு ஒரு கிண்டலையும் கட்டிக்கொடுப்பார். இரண்டும் சூடாக இருக்கும் என்று ஊரில் பேச்சு. நேற்றிலிருந்து அவர் வாயில் கிண்டல் இல்லை. ஆனால் வாய் ஓயவும் இல்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.

“நான்தான் பம்புகிட்ட நின்னேன். குழாய் முனை சேத்துல கெடக்கு. தண்ணி எங்கயோ நிக்குது. ‘மாமா, நான் எறங்கி இழுத்துட்டுப் போறேன்’னான். வேண்டாம்டா மாப்ளன்னேன். கேக்கல. முழங்கால் வரைக்கும் புதைஞ்சிருச்சு. அப்பதான் டிரம்மு வெடிச்சது. தலைக்கு மேல. நாங்க ஓடிட்டோம். அவனால காலை உருவ முடியல...”

அங்கே நிறுத்தி, தோளில் இருந்த துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். வந்தவர் அவர் முதுகைத் தட்டிவிட்டு உள்ளே வருவார். அடுத்தவர் வந்ததும் மறுபடி, “நான்தான் பம்புகிட்ட நின்னேன்.”

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் கேட்டாள். முதல் தடவை அவர் இதைச் சொன்னது அவளிடம். நேற்று மாலை மருந்தகத்துப் படியில் உட்கார்ந்து, மூச்சுக்கும் அழுகைக்கும் நடுவில். அந்த முதல் தடவையில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ‘வேண்டாம்டா மாப்ள’ அதில் இல்லை.

சேற்றில் நின்றபடி தம்பி மேலே பார்த்துக் கத்தியிருக்கிறான்: “தண்ணி வருதா மாமா?”

இவர் மேலேயிருந்து, தம்பியின் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறார்: “காத்துதான் வருது! அட்மிரல் இன்னும் கொஞ்சம் முன்னேறட்டும்!”

பம்பைச் சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். தீக்கு முன்னால் நிற்கிற பயத்தில் யார் எது சொன்னாலும் சிரிப்பு வரும்தான். தம்பியும் சிரித்தானாம். சிரித்துக்கொண்டே இன்னும் நான்கு எட்டு உள்ளே போனான்.

அந்த இரண்டு வரியும் வாசலில் காணாமல் போயிருந்தன. பொய் சொல்கிறார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சொல்லச் சொல்லத் தேய்ந்துபோகிற இடத்தில் அது தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கே நினைவிருக்காது.

தையல்காரம்மா வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “என்னடி இது, இப்படிப் பண்ணிட்டுப் போயிட்டாரே நம்ம அட்மிரலு!”

“ம்.”

“தங்கமான மனுஷன். என் மெஷின் நின்னா ராத்திரியானாலும் வந்து பாத்துக் குடுப்பாரு. ஒரு நாள் முகஞ்சுளிச்சதில்ல. அட்மிரல்னு சின்னப் பிள்ளைங்க கூப்பிட்டாக்கூட சல்யூட் அடிச்சிட்டுப் போவாரே.”

ஆமாம், அடிப்பான். சல்யூட் அடித்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு வருவான். தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். “இன்னும் எத்தனை நாளைக்குக்கா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். “மறந்துடுவாங்கடா” என்றாள். ஊர் எதை மறந்தாலும் பட்டப்பெயரை மறக்காது என்பது கேட்டவனுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும்.

* * *

அந்தப் பெயர் வைக்கப்பட்டது இதே கூடத்தில்தான்.

தீவுச் சங்கத்தில் கையைத் தூக்கி ஓட்டுப் போடும் வழக்கம் எப்போதோ நின்றுபோனது. எண்ணுவதில் சண்டை வந்து, ஒருவர் பல் போனதற்குப் பிறகு சுவர் முறை வந்தது. ஆமாம் என்கிறவர்கள் ஜன்னல் இருக்கும் கடல் பக்கத்துச் சுவருக்குப் போய் நிற்க வேண்டும். இல்லை என்கிறவர்கள் எதிரே மேட்டுப் பக்கத்துச் சுவருக்கு. யார் எங்கே நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு எழுதப்படாத ஒரு விதியும் ஒட்டிக்கொண்டது: ஒரு வீட்டுக்கு ஒரு சுவர். புருஷன் ஒரு சுவர், பெண்டாட்டி ஒரு சுவர் என்று நின்றுவிட்டால் அந்த வீட்டுக் கதை மாதக்கணக்கில் ஓடும்.

தீயணைப்புப் படகு வேண்டும் என்று அன்று எழுந்து பேசியவன் அவள் தம்பி. லாஞ்சி எஞ்சினையும் ஜெட்டியில் இருக்கிற பம்பையும் பார்த்துக்கொள்கிற மெக்கானிக். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன். அக்கரைத் துறைமுகத்தில் ஒரு பழைய தீயணைப்புப் படகைக் கழித்துக்கட்டுகிறார்கள், நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

“பம்பு கரையில நிக்குது. கடல் நிக்கலையே. வத்தின நேரத்துல குழாய் தண்ணிக்கு எட்டாது. நீளமாப் போட்டாலும் அவ்வளவு தூரத்துலேருந்து இந்தப் பம்பு இழுக்காது. படகுன்னா ஆழத்துல நிக்கும். கடல் எங்க போனாலும் கூடவே போகும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.”

தலைமை ஆசிரியை எழுந்து, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதைச் சொன்னார். மழை வந்தால் குழந்தைகளை ஒரே மூலையில் குவித்து வைத்துப் பாடம் நடத்துகிறோம், தீ எப்போதாவது வரும், மழை வருஷா வருஷம் வரும் என்றார். அதுவும் உண்மைதான். சங்கத் தலைவர், ஐஸ் பாக்டரிக்காரர், இரண்டுக்கும் தலையாட்டினார். படகை யார் ஓட்டுவது, யார் பராமரிப்பது என்று கேள்விகள் வந்தன. தம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கூட்டம் யோசிக்க ஆரம்பித்தது. அவளுக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. உண்மையிலேயே யோசித்தார்கள்.

அப்போதுதான் அவள் கணவர் எழுந்தார். எழுந்தவுடனேயே இரண்டு பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

“சுத்தி நாலு பக்கமும் கடல். நடுவுல நாம. இதுல தண்ணி தெளிக்கத் தண்ணி மேல ஒரு படகு! மீனுக்குக் குடை வாங்கிக் குடுத்த கதையால்ல இருக்கு!”

கூடம் சிரித்தது. தம்பியும் சிரித்தான். மாமனும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் வாருவது ஊருக்குப் பழகிய வேடிக்கை. அந்த உறவில் எதைச் சொன்னாலும் கோபிக்கக் கூடாது என்பது சட்டம் மாதிரி.

“எனக்குத் தெரியாதா என் மாப்ள மனசு? கல்யாணம் கட்டி வைங்கன்னு கேக்க வெக்கம். அதான் கப்பலாவது கட்டி வைங்கன்னு கேக்கறான். தொப்பி, தோள்ல நட்சத்திரம், ஆளுக்கு முன்னால வயிறு... ஐயா அட்மிரல், ஒக்காருங்கய்யா! உங்க கடற்படை பின்னாடி வருது!”

அதற்குப் பிறகு யாராலும் அந்தப் படகைப் பற்றி நேராக முகத்தை வைத்துக்கொண்டு பேச முடியவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சரி சரி, சுவருக்குப் போங்கப்பா” என்றார். கடல் பக்கம் தம்பி போனான். அவன் லாஞ்சி கொட்டகை மாடியில் தனியாகக் குடியிருந்ததால் தனி வீடு என்று கணக்கு. நர்ஸ் போனாள். லாஞ்சி டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் போனார்கள். அவள் கூடத்தின் நடுவில் ஒரு நிமிஷம் நின்றாள். கணவர் அவள் மணிக்கட்டைச் செல்லமாகப் பிடித்து இழுத்து, “எங்க போற? அது எதிரி நாட்டுக் கப்பல்” என்றார். மேட்டுப் பக்கத்தில் அவளுக்கும் இடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே ஜன்னல். ஜன்னல் வெளிச்சத்தில் தம்பியின் முகம் தெரியவில்லை.

கூரையும் போடவில்லை. அந்த வருஷம் பணம் ஜெட்டி விளக்குகளுக்குப் போயிற்று.

* * *

தரைக்குக் கீழே முதல் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஏற்றம் தொடங்கிவிட்டது.

தலைவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவளருகே வந்து குனிந்தார். “அம்மா, இந்த நேரத்துல பேசலாமான்னு தெரியல. ஆனா ஊரே கூடியிருக்கு. இப்படி முழுசா இனி எப்பக் கூடுமோ? அந்தத் துறைமுகத்துக்காரங்கிட்டக் காலையிலயே கேட்டுட்டேன். அந்தப் படகு இன்னும் அங்கதான் கெடக்கு. லாஞ்சி கிளம்பறதுக்குள்ள, இங்கயே, அவரு முன்னாடியே முடிவு பண்ணிடலாம்னு எல்லாரும் நினைக்கிறாங்க.”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு பேரையே வெச்சிடலாம். அதுக்குத்தான் உங்க சம்மதம். நீங்கதானே கூடப்பொறந்தவங்க. உங்களை விட்டா அவருக்கு யாரு இருக்கா?”

“எந்தப் பேரு?”

“அட்மிரல்னுதான். ஊருக்கே பழகின பேரு. பலகையில எழுதினா எடுப்பா இருக்கும். சின்னப் பிள்ளைகூட ஞாபகம் வெச்சிருக்கும்.”

அதற்குள் கணவர் அருகில் வந்துவிட்டார். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன. தரையில் குந்தி உட்கார்ந்து அவள் முழங்கால் மேல் கையை வைத்தார். “ஆமான்னு சொல்லும்மா. அவன் கேட்டது இதுதானே? இதையாவது செய்வோம். என் செலவுல பலகை அடிக்கிறேன். நானே பெயிண்ட் அடிக்கிறேன்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் வாயைத் திறந்து வைதிருக்கலாம். வாராவாரம் தம்பிக்கென்று ஓரம் முறுகிய ரொட்டியாகப் பார்த்து எடுத்துவைத்த மனுஷன். நேற்று ஓடியவர்களில் திரும்பி வந்து சேற்றில் இறங்கப் பார்த்த முதல் ஆளும் அவர்தான். இரண்டு பேர் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

“முதல்ல படகு விஷயத்தை முடிங்க,” என்றாள். 

தலைவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசினார். கூரை கட்டாயம் அடுத்த வருஷம் என்றார். பிறகு, “சுவருக்குப் போகலாம்” என்றார். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, தாழ்ந்த குரலில்.

கூட்டம் முழுவதும் கடல் பக்கம் நகர்ந்தது. பெட்டியை இடிக்காமல், இரண்டு பக்கமும் பிரிந்து, காலைப் பார்த்து வைத்து நகர்ந்தது. ஐந்து பேர் நின்ற சுவரில் இன்று ஆள்மேல் ஆள். ஜன்னலை மறைத்துவிட்டார்கள், கூடம் இருட்டிற்று. நர்ஸ் வழக்கமாக நிற்கிற தூண் பக்கத்தில் போய் நின்றாள். பின்னாலிருந்து யாரோ, “கொஞ்சம் நகந்துக்கம்மா, நாங்களும் நிக்கணுமில்ல” என்றார்கள். நர்ஸ் நகர்ந்துகொண்டாள்.

தலைமை ஆசிரியை மட்டும் சற்று நேரம் நடுவில் நின்றார். அவர் மனதில் இன்னும் கூரைதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மழைக்கும் குழந்தைகள் அந்த மூலையில்தான். ஆசிரியை பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டு போய்க் கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். சிரித்து ஒரு முடிவு எடுத்தவர்கள் இப்போது அழுது ஒரு முடிவு எடுக்கிறார்கள். நடுவில் யோசித்து முடிப்பதற்கென்று ஒரு நேரம் அன்றும் வாய்க்கவில்லை, இன்றும் வாய்க்கவில்லை.

கணவர் ஜன்னலோரம் நின்றார். தம்பி நின்ற அதே இடம். அங்கிருந்து அவளைப் பார்த்துக் கையசைத்தார், வா என்று.

மேட்டுப் பக்கத்துச் சுவர் முழுக்கக் காலி. வெள்ளையடித்த சுவரில் முதுகுகள் தேய்த்த அழுக்கு வரிசையாகத் தெரிந்தது.

“நீங்கம்மா?” என்றார் தலைவர்.

“நான் இவன்கிட்ட இருக்கேன்.”

“அதுவும் சரிதான். அப்ப எல்லாருமே ஆமாம்.” எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை. “பேரு? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

“படகு வாங்குங்க. பேரு வேண்டாம்.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கிற்று.

“பேரில்லாம எப்படிம்மா?”

“லாஞ்சிக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கில்ல? அது மாதிரி நம்பர் போடுங்க.”

கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “ஏம்மா இப்படிப் பேசற? அவனுக்கு மரியாதை செய்யறாங்க. ஊரே சேந்து செய்யுது.”

“அது நீங்க வெச்ச பேருங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ரொட்டிக்கடையில் சில்லறை கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் கீழே தண்ணீர் தூணில் அடிக்கிற சத்தம் கேட்குமளவுக்குக் கூடம் அமைதியாக இருந்ததால், எல்லோருக்கும் கேட்டது. தையல்காரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் மட்டும் அவளை நேராகப் பார்த்தாள்.

கணவரின் உதடு அசைந்தது. அவள் காத்திருந்தாள். அந்த இரண்டு வரியை அவர் இப்போது, இவர்கள் முன்னால், தானாகச் சொல்வார் என்று ஒரு கணம் நம்பினாள். சொல்லிவிட்டால் போதும். படகுக்கு அவர்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

“துக்கத்துல பேசறா,” என்றார் அவர், தலைவர் பக்கம் திரும்பி. “அவளுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது. நான் சொல்றேன். வெச்சிடுங்க.”

தலைவர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு வீட்டுக்கு ஒரு சுவர். “சரி. அப்ப வெச்சிடலாம்,” என்றார்.

யாரோ கைதட்டத் தொடங்கி, பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

* * *

ஏற்றம் முழுதாக வந்ததும் லாஞ்சி ஜெட்டியில் ஒட்டியது. நேற்றைய ஓட்டத்தில் பலகைகள் மேல் சேறும் கரியும் எண்ணெயும் கலந்து மிதிபட்டுக் கிடந்தன. கிடங்கு இருந்த இடத்தில் கறுத்த தூண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

“இதுல எப்படித் தூக்கிட்டுப் போறது? வழுக்குமே,” என்றார் லாஞ்சி டிரைவர்.

“கழுவி விடுங்கப்பா. பம்பை எடுங்க,” என்றார் தலைவர்.

நேற்று போட்டது போட்டபடி பம்பு அங்கேயே நின்றது. அதன் குழாய் முனை சேற்றில் கிடந்த இடத்தில் இப்போது ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். பீய்ச்சும் குழாயைத் தூக்க யாரும் முன்வருவதற்குள் கணவர் போய் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை போகிற வழியைத் தானே கழுவ வேண்டும் என்று நினைத்திருக்கலாம். டிரைவர் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது, மறுபடி இழுத்தார், பிடித்துக்கொண்டது. தட்டையாகக் கிடந்த குழாய் புடைத்துத் துள்ளியது. தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்தது.

“வருது!” என்று கத்தினார் கணவர். “தண்ணி வருது!”

கத்திவிட்டு அப்படியே நின்றார். வாய் மூடவில்லை. குழாய் அவர் கையில் திமிறி, அவர் சட்டை மேலேயே தண்ணீரை அடித்தது. யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பலகைகளைப் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் இடுக்கு வழியாகக் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் தூக்கினார்கள். அவள் பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரப் பலகைகள் மேல் வெறுங்காலோடு பின்னால் நடந்தாள்.

லாஞ்சிக்குள் பெட்டியை நடுவில் வைத்து, அதையொட்டி இருந்த பெஞ்சை வீட்டு ஆட்களுக்கு என்று விட்டார்கள். இரண்டு பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கணவர் கடைசியாக ஏறினார். நெஞ்சுவரை நனைந்திருந்தார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு பெஞ்சு அருகே வந்தார்.

அவள் பையிலிருந்து செருப்பை எடுத்தாள். பக்கத்தில் இருந்த இடத்தில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, ஜோடி சேர்த்து வைத்தாள்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கயிறு அவிழ்ந்து லாஞ்சி பின்வாங்கியது. ஜன்னல் வழியாக ஜெட்டி சிறிதாகிக்கொண்டு போயிற்று. கிளம்பிய அவசரத்தில் பம்பை யாரும் நிறுத்தவில்லை. கீழே போட்ட குழாய் பலகை மேல் தானாகப் புரண்டு, கடலிலிருந்து இழுத்த தண்ணீரைக் கடலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.